பக்கத்து வீட்டுப் பிரிஜ்

07.10.2024, திங்கள்

மருமகன் ஹில்மியோடு புத்தளம் பிரதேச செயலகம் போய் வந்தேன். அவர் வேலை செய்த இறால் பண்ணை பூட்டி நாலு மாதமாகிறது. வேலை தேடுவோர் பதிவில் பெயரைப் போட வேண்டும் என்று நான்தான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். போட்டாயிற்று. கொழும்பில் காவலாளி வேலை ஒன்று இருக்கிறதாம், தங்குமிடம் இல்லையாம்.

வேலை இழந்தவர்களுக்கென்று தனியாக ஏதும் கொடுப்பனவு உண்டா என்று கேட்க நினைத்தேன். பின்னால் வரிசையில் நின்றவர் பெருமூச்சு விட்டதும் விட்டுவிட்டேன். ஹில்மி கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை, நலன்புரிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பியுங்கள் என்றார்கள். சம்பளத்தில் பிடித்த சேமலாப நிதியை எடுக்க ஐம்பத்தைந்து வயதாக வேண்டும்.

பஸ்ஸில் ஹில்மி சொன்னார்: "அப்ப இன்னும் பத்தொம்பது வருசம் பசிக்காம இருக்கோணும் மாமா." என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

10.10.2024

விண்ணப்பம் நிரப்பினேன். முதலில் பென்சில், பிறகு பேனை. மகள் றிஷ்னா பார்த்துக்கொண்டிருந்தாள். "இது சரிவராட்டி நான் குவைத்துக்குப் போறன் வாப்பா. ஏஜென்சிக்காரர் ரெண்டு தரம் கோல் எடுத்திட்டார்."

பேத்தி ரம்ஸியாவுக்கு ஐந்து வயது. தாய் இல்லாமல் அந்தப் பிள்ளை எப்படி? நான் அதைக் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியாத கேள்வி அல்லவே.

22.10.2024, செவ்வாய்

இன்று விண்ணப்பத்துக்காக வீடு பார்க்க வந்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும். நாளைக்கு நானே எனக்கு வேறு விதமாகச் சொல்லிக்கொள்வேன்.

வந்தவர் உடப்பு ஊர்ப் பிள்ளை, மயூரதி என்று பெயர். அபிவிருத்தி உத்தியோகத்தர். வீடு தெரியாமல் தெருவில் நின்றவரைக் கூட்டி வந்தது பக்கத்து வீட்டுச் செய்னுலாப்தீன். கூட்டி வந்தவர் போகவில்லை, வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். றிஷ்னா பிள்ளையோடு கிளினிக் போயிருந்தாள். ஹில்மி மாம்புரியில், வெங்காயத் தோட்டத்துக் கூலிக்கு. வீட்டில் நான் மட்டும்.

உள்ளே நிற்கும் பிரிஜ்ஜும் வொஷிங் மெசினும் எங்களுடையவை அல்ல. செய்னுலாப்தீனின் மனைவி நஃபீஸாவுடையவை. அவள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். முன்பு அவள் உழைத்து வாங்கிய ஒவ்வொன்றையும் இவர் சீட்டாட்டத்துக்கு விற்றார், கட்டிலைக்கூட. கடைசியாக லீவில் வந்தபோது இவற்றை வாங்கி எங்கள் வீட்டுக்கு லொறியை விட்டாள். "அமானிதமா வைங்க மாமா. என்டதெண்டு அவருக்குத் தெரியப்படா. தெரிஞ்சா அடுத்த நாளே வித்துப்போடுவார்." சரி என்றேன். தொண்ணூறில் முஸ்லிம்களையெல்லாம் போகச் சொல்லி மன்னாரை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் தையல் மெசினை அயலவர் இராசையாவிடம் விட்டு வந்தோம். பன்னிரண்டு வருடம் வைத்திருந்து, எண்ணெய் போட்டுத் திருப்பித் தந்தார். அந்த மெசினைத் திரும்ப வாங்கிய கையால் நஃபீஸாவுக்கு எப்படி இல்லை என்று காட்டுவது?

நம்பி ஒப்படைத்த பொருள், அமானிதம் என்பதால் நாங்கள் பாவிப்பதில்லை. பிளக்கே போடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் துடைத்து வைப்பேன்.

மயூரதி பிரிஜ்ஜைத் திறந்து பார்த்தார்.

"என்ன ஐயா, ஒரு தண்ணிப் போத்தல்கூட இல்ல?"

"நாங்க மீன் அண்டண்டைக்கு வாங்குறது, மிஸ்."

"வொஷிங் மெசினில பொலித்தீனும் கழட்டல்ல."

வாசலிலிருந்து செய்னுலாப்தீன்: "மாமா சாமானுக்கு நோகுமெண்டு பாவிக்க மாட்டார், மிஸ்."

மயூரதி சிரித்தார். நானும் சிரித்தேன்.

"அப்ப ரெண்டும் உங்கடதான்?"

"ஓம்" என்றேன்.

கையிலிருந்த டெப்லெட்டில் ஏதோ தட்டினார். அவ்வளவுதான்.

பின்னேரம் றிஷ்னாவிடம் சொன்னேன். அவள் கிளினிக் கொப்பியை அலுமாரியில் வைத்தாள். பிறகு, "பக்கத்து வீட்டாள வெளிய அனுப்பியிருக்கலாமே வாப்பா. தேத்தண்ணிக்குச் சீனி வாங்கிட்டு வாங்கோ எண்டாப் போயிருப்பாரே."

சீனி. எனக்கு அது தோன்றவே இல்லை.

05.12.2024, வியாழன்

பட்டியல் வந்தது. எங்கள் பெயர் இல்லை. உடைமைகள் அதிகம் என்று காரணம் போட்டிருக்கிறது.

ஹில்மி என்னிடம் ஒருபோதும் குரல் உயர்த்தியவர் அல்ல. இன்றும் உயர்த்தவில்லை. பிரிஜ்ஜைப் பார்த்துத்தான் கத்தினார்: "ஒரு சொட்டுத் தண்ணி குளிராத சாமான்! இதால எங்கட சோறு போச்சு." றிஷ்னா அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து வைத்தாள். அவர் கத்தியதை விட இது மோசம்.

09.12.2024, திங்கள்

மேன்முறையீடு கொடுக்கப் போனேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் ஒழுங்காக எழுதிக் கொண்டு போயும், மயூரதிக்கு முன்னால் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மெதுவாகச் சொன்னேன்.

அவருக்கு எரிச்சல். நியாயம்தான். "ஏன் ஐயா அண்டைக்கே சொல்லல்ல? நான் தனியாளாத்தானே வந்தன்."

"பக்கத்தில ஆள் நிண்டார் மிஸ்."

"சரி. இப்ப சாமானுக்குச் சொந்தக்காரர் வந்து சொல்லோணும்."

"அவ குவைத்தில."

"அப்ப அவட புருசன் வரட்டும்."

கொண்டுபோன தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"ஐயா, நீங்க சொன்னாத்தான் நான் எழுதலாம். மனசுக்குள்ள இருக்கிறத நான் எப்பிடி எழுதுற?"

விண்ணப்பத்தை மட்டும் வாங்கி வைத்தார். திரும்பவும் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம். அன்றைக்கு நஃபீஸாவின் கணவரும் நிற்க வேண்டுமாம்.

13.12.2024, வெள்ளி

நஃபீஸாவுக்கு வெள்ளிக்கிழமைகளில்தான் போன் கிடைக்கும். விசயத்தைச் சொன்னேன். அழுதாள். "இன்னும் ஒரு வருசம் மாமா. வந்து உம்மாட வளவில தனியா இருக்கப் போறன். அதுவரைக்கும் சொல்லாதீங்க. உங்கள விட்டா எனக்கு யாரு?"

சரி என்றேன். திரும்பவும் சரி.

றிஷ்னா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அவக்குச் சரி. ஒபிஸ்காரருக்கும் சரி. எனக்கு எப்ப வாப்பா சரி?"

18.12.2024

மழை. வெங்காயத் தோட்டம், உப்பு வயல் எல்லாம் வெள்ளம். ஹில்மிக்கு எங்கேயும் கூலி இல்லை.

06.01.2025, திங்கள்

றிஷ்னா பயிற்சிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். வெளிநாட்டு வீட்டு வேலைக்கான பயிற்சி. துணி தோய்க்கும் மெசினை எப்படிப் பாவிப்பது என்று இன்று காட்டிக் கொடுத்தார்களாம். சொல்லிவிட்டு உள்ளறையைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போனேன்.

நான் காப்பது அமானிதத்தையா, என் கூச்சத்தையா? இரண்டும் ஒரே முகத்தோடு நிற்கின்றன. பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

30.01.2025, வியாழன்

மயூரதி வந்தார். எதிர்பார்த்தபடியே செய்னுலாப்தீன் பின்னால் வந்தார். இம்முறை ஆயத்தமாக இருந்தேன்.

"தம்பி, கடையில கொஞ்சம் சீனி வாங்கிட்டு வாறியா?"

"சீனி என்ட வீட்டில இருக்கு மாமா" என்று ஓடிப்போய், நான் கதிரையை இழுத்துப் போட முன்னமே டின்னோடு வந்து நின்றார்.

மயூரதி பேனையை எடுத்தார். ரம்ஸியா வந்து அவருடைய கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். றிஷ்னா குசினி வாசலில், கையைக் கட்டிக்கொண்டு. நான் சொல்லப் போவதில்லை என்று முடிவு கட்டியவள் போல என்னைப் பார்க்கவே இல்லை. அது தாங்க முடியவில்லை.

"இதுகள் என்ட இல்ல, மிஸ்" என்றேன். குரல் மிகவும் பெரிதாக வந்துவிட்டது. "இவர்ட பொஞ்சாதி நஃபீஸாட. அமானிதமாத் தந்தது. நான் அண்டைக்குப் பொய் சொன்னன்."

செய்னுலாப்தீனைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் சீனி டின்னை மேசையில் வைத்தார்.

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"லொறிக்காரன் முதல்ல என்ட வீட்டுக்குத்தானே வந்து இடம் கேட்டவன். பில்லில அவட பேரு கிடந்துது."

மயூரதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நீங்க ஏன் அண்டைக்குச் சொல்லல்ல? பக்கத்திலதானே நிண்டீங்க?"

"மாமா ஓமெண்டிட்டார், மிஸ். பெரிய மனிசன் ஓமெண்ட பிறகு நான் எப்பிடி இல்லெண்டு சொல்லுற? அவருக்கு மரியாதையில்லையே." தலையைச் சொறிந்தார். "மற்றது... அந்தச் சாமான் இங்க நிண்டாத்தான் என்ட கையில இருந்து தப்பும்."

றிஷ்னா சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல. "நல்ல மரியாதை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செய்னுலாப்தீன் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். மார்ச் மாதம் அளவில் முடிவு தெரியும் என்றார் மயூரதி. போகும்போது வாசலில் நின்று, "முன்னமே சொல்லியிருந்தா இப்ப காசு வரத் தொடங்கியிருக்கும் ஐயா" என்றார். கோபமாக அல்ல. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எத்தனை மாதம் வீணாகப் போயிற்று! நான் செய்னுலாப்தீனுக்கு மறைக்கிறேன் என்று நினைத்திருந்தேன், அவர் எனக்கு மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

31.01.2025, வெள்ளி

நஃபீஸாவுக்குச் சொன்னேன். சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு, "விக்கல்லயா மாமா? தெரிஞ்சும் விக்கல்லயா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். போனை வைத்துவிட்டாள்.

11.02.2025, செவ்வாய்

டிக்கட் வந்துவிட்டது. ஞாயிறு இரவு.

"மார்ச்சில வந்திரும் மகள். ஒரு மாதம் பொறு" என்றேன்.

"வந்தா நல்லம் வாப்பா. வராட்டி? திரும்ப அப்பீல், திரும்ப மார்ச். ரம்ஸியாக்கு ஸ்கூல் சப்பாத்து வாங்க நான் எந்த மார்ச்சைப் பாத்துக்கொண்டு இருக்கிற?"

பதில் வைத்திருக்க வேண்டிய ஆள் நான்.

16.02.2025

போய்விட்டாள். விமான நிலையத்தில் ஹில்மி அழுதார். அவள் அழவில்லை. ரம்ஸியாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அயலில் ஒரு வீட்டில் தூங்க வைத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டாள்.

20.03.2025, வியாழன், நோன்பு

பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. மயூரதி தானே கோல் எடுத்துச் சொன்னார். சந்தோசமாகச் சொன்னார். நானும் சந்தோசமாகத்தான் நன்றி சொன்னேன். மகள் எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ? பிறகு அதுவும் ஒரு பொய்யாகிவிடுமோ?

ஹில்மி வங்கிக்குப் போனார். கணக்கு றிஷ்னாவின் பெயரில். அவ நேரில் வரோணும் என்றார்களாம். திரும்பி வந்து கதிரையில் இருந்தவர் நோன்பு திறக்கும் வரை எழும்பவில்லை.

நாளைக்கு அலுவலகம் போக வேண்டும். இம்முறை தாள் எழுதவில்லை. நேராகச் சொல்வேன்.

21.03.2025

சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி. கணக்கை ஹில்மியின் பெயருக்கு மாற்ற இன்னொரு விண்ணப்பம் தந்தார்கள்.

31.03.2025, பெருநாள்

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ரம்ஸியாவுக்குத் தலை வாரினேன். ஹில்மி குளிக்கப் போயிருந்தார். பெருநாளுக்கு இரட்டைப் பின்னல் வேண்டுமாம். மயிரை இரண்டாகப் பிரித்து, ஒழுங்காகத்தான் தொடங்கினேன். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். வகிடு காதுப் பக்கம் சாய்ந்தது.

"உம்மா இப்பிடி இழுக்க மாட்டா, மூத்தாப்பா."

"அப்ப எப்பிடி?"

கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சீப்பைப் பிடுங்கினாள். தன் தலையில் வைத்துக் காட்டினாள். "முதல்ல எண்ணெய். பிறகு இஞ்ச இருந்து. மெதுவா."

நான் எண்ணெய்ப் போத்தலை எடுக்கப் போனேன்.