ஸ்டெல்லா அக்கா அளந்தது சரிதான்

அன்பு மாறாத ஸ்டெல்லா அக்கா,

உங்கள் ஆய்வு அச்சாகிவிட்டது. படங்கள், அளவுகள் எல்லாம் நீங்கள் எடுத்தவைதான். பெயர் மட்டும் பேராசிரியருடையது. கருவியைப் பராமரித்ததற்காகக் கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அதுவும் இல்லை.

பினாங்கின் கெலுகோரில், பல்கலைக்கழகத்தில் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தின் கருவிகளைக் கவனிப்பது என் வேலை. நீங்கள் ஆராய்ச்சி மாணவி. முடியைவிட மெல்லிய பாலிமர் படலத்தை ஈரக்காற்று நிரப்பிய பெட்டிக்குள் வைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினீர்கள். படலம் தண்ணீரை உறிஞ்சி எடை கூடியது. பச்சை விளக்குக்கு மாற்றியதும் தண்ணீரை விட்டுவிட்டது. "ரெஜினா, வெளிச்சம் பட்டா தண்ணி குடிக்குதுமா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தீர்கள்.

பேராசிரியர் நம்பவில்லை. "பினாங்கு காத்தே ஈரம்தான். பெட்டி லீக் ஆகுதுலா," என்றார்.

"வெளிய இருந்து வந்த ஈரம்னா, விளக்க மாத்துனதும் எப்படி சார் போகும்?" என்று கேட்டீர்கள்.

அவர் என்னைக் கூப்பிட்டார். "மூடியில இருக்கிற ரப்பர் வளையம் பழசுதானே?"

ஆமாம் என்றேன். பொய். நீங்கள் அளக்கத் தொடங்கும் முன்பே நான் புது வளையம் மாட்டியிருந்தேன். என் வேலை ஒப்பந்தம் முடியவிருந்த மாதம் அது; புதுப்பிப்பது அவர் கையில். இதைக் காரணமாகச் சொல்ல வாய் கூசுகிறது.

நீங்கள் என்னை நம்பினீர்கள். உங்கள் அளவைத்தான் சந்தேகப்பட்டீர்கள். அந்த வாரமே ஆய்வை விட்டீர்கள். சில மாதங்களில் டெங்கிக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

போன ஞாயிறு பூசை முடிந்து ஜெலுத்தோங்கில் உங்கள் அம்மாவைப் பார்க்கப் போனேன். "ஏதோ தப்பா அளந்துட்டேன்னு அழுதுக்கிட்டே இருந்தா," என்றார்.

"இல்ல ஆன்ட்டி. அவங்க அளந்தது சரி. நான்தான் பொய் சொன்னேன்."

"இத அவ உயிரோட இருக்கிறப்ப சொல்லியிருக்கலாம்லா," என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. கதவை நானே சாத்திவிட்டு வந்தேன்.

நாளைக் காலை, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு, வளையம் மாற்றிய தேதியுள்ள பராமரிப்புப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் சேர்த்து, பல்கலைக்கழகத்திடமும் அந்த ஆய்விதழிடமும் கொடுக்கப்போகிறேன். பேராசிரியர் சும்மா இருப்பாரா? வேலை போனால் போகட்டும். அந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே முதல் பெயராக உங்கள் பெயர் வரும்வரை நான் ஓயமாட்டேன், அக்கா.

நீங்கள் நம்பியிருக்கக் கூடாத தங்கை,
ரெஜினா