எல்லா வயதுக்கும் ஏற்ற வீடு

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஹட்டனில் ஒரு வாரமாகத் துணி காயவில்லை.

நுவரெலியா போய் வீடு பார்த்து வந்தோம். இவரை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்து வீட்டு ஆண்கள் நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கினார்கள். எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, அத்தனை படி. இதயம் இரத்தத்தைத் தள்ளுவது குறைந்துவிட்டது, படியே ஏறக்கூடாது என்று கண்டி டொக்டர் சொன்னதிலிருந்து இப்படித்தான். பாதி வழியில் இவர், "நல்லா தூக்குங்கப்பா, ஒத்திகைதானே" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

டவுன்ஹவுஸ் என்று பெயர். ஒட்டி ஒட்டி, ஒரே வரிசையாக மாடி வீடுகள். வாசலில் கேட், காவலுக்கு ஆள். இவர் வேனிலிருந்தே பார்த்துவிட்டு, "பணக்கார லயம்" என்றார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய ஒற்றை அறைகளில் பிறந்தவர் சொல்லலாம்.

பார்த்தவை:
படி இல்லை. வாசல் முதல் குளியலறை வரை ஒரே மட்டம்.
கீழே ஒரு படுக்கையறை. மாடியில் இரண்டு, மகன் குடும்பம் வந்தால். (வந்தால்.)
கீழ் அறைக்கும் ஹோலுக்கும் நடுவில் மடக்குச் சுவர். மடக்கினால் பெரிய ஹோல்.
கூரை, பெயின்ட், புல் வெட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு.
சமையலறை ஜன்னல் சிறியது. தாளித்தால் வீடு முழுக்க இருமும்.

காட்டியது நிரோஷா என்ற பிள்ளை. "கல்யாணம் கட்டின புதுசுல வந்தாலும் சரி, புள்ளைங்க இருந்தாலும் சரி, வயசான காலத்துலயும் சரி. எந்த வயசுக்கும் இதே வீடு போதும் அங்கிள்."

இவர் கைத்தடியை வாசல் நிலைக்குக் குறுக்கே பிடித்து அளந்தார்.

"வீல்செயார் தாராளமா திரும்பும் அங்கிள்."

"அது இல்ல புள்ள. பெட்டி திரும்புமான்னு பாக்குறேன். செத்தா இந்த ஹோல்லதானே வெக்கணும். வெக்க விடுவாங்களா?"

அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். எனக்கு மாடி பார்க்கப் போக வேண்டும்போல் இருந்தது. போனேன். அங்கே நின்று அழுதேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. இவருக்குக் காலில் வீக்கம் கூடுதல். மாத்திரை அரை கூட்டியாயிற்று. பூண்டு முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

நாள் முழுக்க வீட்டுப் பேச்சுதான். பாங்க் வேலையில் ஊர் ஊராக மாற்றல், எங்கும் வாடகை வீடு. இந்த வீடும் வாடகை. "நம்ம பரம்பரையிலேயே மொத உறுதி" என்று காணிப் பத்திரத்தைப் பற்றி இப்போதே பேசுகிறார். இன்னும் ஒரு கையெழுத்தும் ஆகவில்லை.

பெட்டி ஏன் இவருக்கு இவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியும். மாமி இறந்தது கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில். பெட்டி வாசலில் திரும்பவில்லை. வெளியே இஸ்தோப்பில், திறந்த திண்ணையில் வைத்தார்கள். அன்று பார்த்துச் சாய்ந்தடித்த மழை. கொழுந்தனார் தாயின் முகத்துக்கு மேல் குடை பிடித்தபடி விடியும்வரை நின்றார். இவர் மறு பக்கம். நான் அப்போது கலியாணமாகி வந்த புதுப் பெண். நனைந்த முகத்தை நானும்தான் துடைத்தேன்.

அதன் பிறகு எந்த வீட்டுக்கு வாடகைக்குப் போனாலும் முதலில் கதவைப் பார்ப்பார். எனக்கு எரிச்சல் வரும். இப்போது அந்த எரிச்சல்கூட வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 12, வியாழன்

நிரோஷா போன் பண்ணினாள். நல்ல வேளை, இவர் தூக்கம்.

"ஆன்ட்டி, மன்னிச்சுக்கங்க. பிரேதம் உள்ள கொண்டு வர ஏலாதாம். பாதிப் பேர் கொழும்பு ஆளுங்க, லீவுக்கு வாறவங்க. பந்தல், மேளம் ஒன்னும் கூடாதாம். பிரேதம் வெக்கிற மலர்ச்சாலை கிட்டத்துலதான் இருக்கு ஆன்ட்டி. நல்ல வசதி."

"செத்தவங்களுக்கு என்னம்மா வசதி" என்று கேட்டுவிட்டேன். அவள் மேல் என்ன தப்பு.

உண்மையைச் சொன்னால் இவர் அந்த வீட்டை வேண்டாம் என்பார். சந்தேகமே இல்லை. பிறகு இருக்கிற கொஞ்ச காலமும் இந்தப் படிகளுக்குக் கீழேதான். வெளிச்சம் பார்க்க வேண்டுமென்றால் நாலு ஆம்பிளை வேண்டும். மூச்சு முட்டினால் அவர்கள் வீட்டில் இருக்கிறார்களா என்று நான் ஓட வேண்டும். அங்கே தானே நடந்து வாசலுக்குப் போகலாம், பக்கத்தில் ஆஸ்பத்திரி.

எழும்பினதும் கேட்டார். "அந்தப் புள்ள பேசிச்சா?"

"பேசிச்சு. வெக்கலாமாம்."

"மேனேஜர் ஒத்துக்கிட்டானா?"

"நம்ம வீடு, நம்ம உறுதி. அவங்க என்ன சொல்றது?"

நாற்பது வருடமாக இந்த மனிதரிடம் சேலை விலையில்கூட பொய் சொன்னதில்லை. தேத்தண்ணி கேட்டார். சீனி போட மறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

பனி. எதிர் மலை தெரியவில்லை.

மகன் வீடியோவில். டொரோண்டோவில் வெயிலாம். "மெயின்டனன்ஸ் ஒன்னும் இல்லம்மா. அப்பாவுக்கு அப்புறம் நீங்க தனியா இருந்தாலும்..." பாதியில் நிறுத்தினான். இவர் பக்கத்திலேயே இருந்தார். "சரியாத்தானே சொல்றான். எனக்கு மட்டுமா வீடு?"

அப்புறம் இவர் எனக்குச் சொன்ன ஏற்பாடு: சுவரை மடக்க வேண்டும். சோபாவை மாடிக்கு ஏற்றிவிட வேண்டும். தலை தெற்கே. பெண்கள் உள்ளே உட்கார வேண்டும், ஒருவரும் மழையில் நிற்கக் கூடாது. வருகிறவர்களுக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ. இவருக்கு உடுத்தக் கறுப்புக் கோட்டு வேண்டாம், வேட்டி.

"சரிங்க" என்றேன், ஒவ்வொன்றுக்கும். இப்படி ஆசையாக இவர் எதையும் திட்டம் போட்டுப் பார்த்ததில்லை, மகன் கலியாணத்துக்குக்கூட.

ஜூன் 19, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. நொத்தாரிசு அலுவலகத்தில் கையெழுத்து. இவர் பெயர் கோட்டை விட்டு மேலே ஏறிப்போனது. நொத்தாரிசு "பரவாயில்லை ஐயா" என்றார். நான் பக்கத்தில் போட்டேன். உறுதியில் இரண்டு பேர் பெயரும்.

திரும்பும் வழியில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். வேனை விட்டு இறங்கி, யாரும் பிடிக்காமல், தானாக நடந்து உள்ளே போனார். ஹோல் நடுவில் நின்றார். வெறும் வீடு. "கமலா, இங்க" என்று கைத்தடியால் தரையைத் தட்டிக் காட்டினார்.

அந்த நாளில் இவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. மலர்ச்சாலையோ மாளிகையோ, இவருக்கு ஒன்றுதான். திரும்பி வந்து அந்த ஹோலில் தனியாக உட்காரப் போகிறவள் நான். இந்த இடத்தை மிதிக்காமல் சமையலறைக்குப் போக வழி இல்லை.

இடியப்பத்துக்கு மா இல்லை. கடையில் ரொட்டி.

ஜூன் 22, ஞாயிறு

மறுபடி மழை. பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றுகிறேன். வரும் வெள்ளி குடி போகிறோம். இவர் படுக்கையில், ஒட்சிசன் போட்டபடி.

கொழுந்தனார் கொத்மலையிலிருந்து போன். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்டிக் கட்டிலில் வைத்தேன்.

"அண்ணி, அண்ணன் நேத்து போன்ல, ஹோல்ல வெக்கணும் அது இதுன்னு என்னென்னமோ பேசுச்சு. அது இருக்கட்டும், நான் ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா லயத்து ஆளுங்க அம்புட்டு பேரும் வருவாங்க. கேட்டுல விடுவாங்களா? அவ்ளோ பெரிய எடத்துல தப்பு மேளம் அடிக்க விடுவாங்களா? இல்லாட்டி இப்பவே சொல்லிடுங்க அண்ணி, வந்து அவமானப்பட வேணாம்."

இவர் ஒட்சிசன் மூடியைக் கையால் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுவாங்க தம்பி. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. தப்பும் கொண்டாங்க. கேட்டுல நான் நிக்கிறேன்."