முன்னறை வாடகைக்கு

ஜூலை 7, திங்கள்
காலேஜ் விட்டு வந்ததும் மூன்று பெட்ஷீட் துவைக்கக் கிடந்தது. மே மாதம் வரை முன்னறை என் அறை. இப்போது வெள்ளிக்கிழமை வந்தால் சாவி அப்பா கையில். திருவிடந்தைக்குக் கடல் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகை. நானும் அம்மாவும் சமையலறைத் தரையில். ஒரு பெட்ஷீட்டில் பிரியாணி மசாலா. இன்னொன்றில் என்ன கறை என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை. என் நர்சிங் புத்தகத்தின் மேல் சிகரெட்டை அணைத்திருக்கிறார்கள்.

"ரெண்டு நாளுதானேம்மா, இன்னா இப்போ" என்கிறார் அப்பா.

செங்கல்பட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்து இதையும் செய்ய என்னால் ஆகாது. ஹாஸ்டல் ஃபாரம் வாங்கிவிட்டேன். 21 கடைசி நாள்.

ஜூலை 10
வகுப்புத் தோழி ஜெனிஃபர் ஹாஸ்டலைச் சுற்றிக் காட்டினாள். அவள் அறையில் ஒரு கட்டில் காலி. குளியலறையில் கணுக்கால் வரை சோப்புத் தண்ணீர், போக வழியில்லை. கதவுக்குப் பின்னால் பேப்பரில் சுற்றிய நாப்கின்கள், ஈ மொய்க்க. வார்டன் ரெஜினா மேடம் ஒரு பெண்ணின் பையைக் கவிழ்த்துச் சோதித்துக்கொண்டே, "வெந்நீர் கெடையாது, முன்னாடியே சொல்லிட்றேன்" என்றார்.

துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். வேண்டாம். வீடே போதும்.

ஜூலை 13
சோப்பில் யாருடைய முடியோ. என் சோப்பு.

ஜூலை 19, சனி
உடனே எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் நாலு மணி. நாலு ஆண்கள் வந்திருந்தார்கள். காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு முன்னறையைத் தாண்டிப் போனேன். வாசலில் ஒருவன், கண்ணாடி போட்டவன், அப்பா வயசு இருக்கும், அப்பாவிடம் கேட்டான்: "பொண்ணும் ரூமோட சேத்தியாண்ணே?"

அப்பா சிரித்தார்.

அடிக்கல. திட்டல. சிரிச்சாரு. சிரிச்சிட்டு அவங்களுக்கு ஐஸ் வாங்கப் போனாரு.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன். "குடிச்சிகீறான், எதுனா சொல்லுவான். கெஸ்டாண்ட சண்ட போட முடியுமா? வுடு" என்றார். அம்மா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டாளா? கேட்டிருக்கிறாள். காது வரை சிவந்திருந்தது.

ஜூலை 20
சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை வார்டில் ஒரு பாட்டியின் வாந்தியைத் துடைத்தேன்; கையைக் கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். அதெல்லாம் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு — அப்பா தொட்டுக் கொடுத்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு டம்ளரை விளக்கிக் கழுவினேன். பெத்த அப்பா மேலயே அருவருப்பு வருமா? வருது. எழுதறதுக்கே வாந்தி வருது.

ஹாஸ்டல் ஃபாரத்தை அப்பாவிடம் நீட்டினேன். "வூட்ல இன்னா கொறச்சல்?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கையெழுத்துப் போடு" என்றாள் அம்மா. போட்டார்.

ஜூலை 21
ஃபாரம் கொடுத்தாயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
ஹாஸ்டலுக்கு வந்து நாலு நாள். சாம்பாரில் பூச்சி. மெஸ் அக்கா அதைக் கரண்டியால் ஓரம் தள்ளிவிட்டு ஊற்றுகிறார். பக்கத்துக் கட்டிலில் ஜெனிஃபர் குறட்டை விடுகிறாள்.

காலையில் கையுறை போட்டுக்கொண்டு அவளும் நானும் குளியலறை அடைப்பை எடுத்தோம். எலி அளவுக்கு முடி உருண்டை, கறுப்பாக, வழவழவென்று. ஜெனிஃபர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். தண்ணீர் சுழன்று இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஐந்து இட்லி தின்றேன்.

அப்பா மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி
மதியம் அம்மா வந்து நின்றாள். தோளில் ஒரு கட்டைப்பை. சொல்லாமல் வந்திருக்கிறாள்.

"வூட்ல கெஸ்ட்டு இல்லியா?"

"வந்துகீறாங்க."

"யார் சமைக்கிறது?"

"தெரில. இனிமே நான் பண்ண மாட்டேன்னு சொல்ட்டு பஸ் ஏறிட்டேன்."

என் கட்டிலைத் தடவிப் பார்த்தாள். "கொஞ்சம் படுத்துக்கட்டா?" என்று அடுத்தவர் வீட்டில் கேட்பதுபோல் கேட்டாள். படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள், வாய் திறந்தபடி.

வெளியாட்கள் ஆறு மணிக்குள் போய்விட வேண்டும். ஐந்தரைக்கு ரெஜினா மேடம் எட்டிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஜெனிஃபர் மெதுவாகக் கேட்டாள். ஒரு வருடம் அதே ரூட்டில் போய்வந்தவள் நான்.

தெரியாது என்றேன்.