கம்பியில் இல்லாத கடிதம்

டிசம்பர் 6, சனி

காலை முதல் தூறல். மலை உச்சி தெரியவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு நான்கு நாள். படிக்க வேண்டியது வேதியியல். படித்தது அத்தையின் கடிதங்கள்.

கார்த்திகை தீபத்துக்கு வீடு ஒழித்தபோது பரணில் கிடைத்தவை. அப்பா கல்யாணத்துக்கு முன் மும்பையில் வேலை பார்த்தபோது, கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் தங்கை எழுதிய இன்லேண்டு லெட்டர்கள். கொக்கிக் கம்பியில் வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறார். மொத்தம் 34. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை. ஓட்டைக்கு ஓர் எழுத்து பலி. ஒன்பதாம் கடிதத்தில் மாடு கன்று போட்டிருக்கிறது. "மா" இருக்கிறது, "டு" இல்லை.

தேதி வாரியாக எண் போட்டு, கண்ணாடி உறை ஃபைலில் சேர்க்கிறேன். தை மாதம் மஞ்சு அக்காவுக்குக் கல்யாணம். அத்தையின் ஒரே பெண். (முறைக்கு அண்ணி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.) அவளுக்கு என் பரிசு இது. அவள் அம்மாவின் வாழ்க்கை, அம்மா கையெழுத்தில்.

பிடித்த வரிகள்:

- "நீ அனுப்பின புடவை நல்ல கலர். எனக்கில்லை, மாமியாருக்கு."
- "இந்த வருஷம் மல்லாட்டை விளைச்சல் கம்மி, வம்பு ஜாஸ்தி."
- எண் 15: "பெண் குழந்தை. உன் மூக்கு. வருத்தப்படாதே, வளர்ந்தால் மாறும்."
- எண் 19: "பால்வாடியில் வேலை கிடைத்தது. அவர் சைக்கிளை எடுத்துவிட்டேன். இரண்டு முறை விழுந்தேன். மெத்தையை மட்டும் கழற்றவில்லை."

எந்த மெத்தை? தெரியவில்லை.

எண் 15-இன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது காய்ந்து பழுப்பாகியிருக்கிறது. மாமா (மஞ்சு அக்காவின் அப்பா) இறந்து மூன்று மாதம்கூட ஆகாத சமயம். நல்ல செய்திக்கு மஞ்சள் வைப்பது வழக்கம்தான். ஆனால் அந்த வீட்டில், அந்த நேரத்தில், மஞ்சள் கிண்ணத்தை எடுத்தபோது எத்தனை பேர் முறைத்திருப்பார்கள்! என் அத்தை!

டிசம்பர் 7, ஞாயிறு

மழை இல்லை. கிரிவலப் பாதையில் கூட்டம். டெய்லரிடம் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த மஞ்சு அக்கா வீட்டுக்கும் வந்தாள். பரிசு ரகசியம் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஃபைலைப் பிடுங்கிக்கொண்டாள்.

14-க்கும் 15-க்கும் நடுவே நின்றுவிட்டாள். 14-இல் அவள் அப்பா இருக்கிறார், ரசத்தில் மிளகு போதவில்லை என்கிறார். 15-இல் இல்லை.

"நடுவுல ஒன்னு இருக்கணுமே பவி?"

தேடினோம். பரண், டிரங்குப் பெட்டி, பழைய காலண்டர் சுருள். எலி தின்றிருக்கும் என்றேன்.

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "பாம்பு கடிச்சுதுன்னு மட்டும்தான் தெரியும். அன்னிக்கு இன்னா பேசினாரு, இன்னா பண்ணாரு, எதுவும் தெரியாது. நாளைக்கு மாப்பிள்ளை வூட்ல கேட்டா நான் இன்னா சொல்றது? அம்மாகிட்ட கேட்டா எழுந்து போய் பாத்திரம் கழுவுது."

அப்பா வேலை பார்க்கும் லாட்ஜிலிருந்து சாப்பிட வந்ததும் கேட்டேன். கை சோற்றிலேயே நின்றது.

"சாவு சேதி லெட்டர யாராவது வெச்சுக்குவாங்களா? தந்தி பழைய ரூமுக்குப் போயிடுச்சு. லெட்டர்தான் வந்துச்சு. நின்ன எடத்துலயே கிழிச்சுப் போட்டுட்டு ரயில் ஏறிட்டேன்."

"யாரு மாமா எழுதினது?" என்றாள் அக்கா.

"உங்கம்மாதான்."

என் அம்மா அடுப்படியிலிருந்து: "கரன்ட் பில்லகூட கிழிக்காத மனுசன். அதப் போயி கிழிச்சிருக்காரு பாரு."

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை. அவரைத் திட்டவும் முடியாது. அதுதானே வழக்கம். இனி நினைத்தாலும் ஒட்ட முடியாது.

டிசம்பர் 8, திங்கள்

பள்ளி விட்டதும் தபால் ஆபீஸ். இன்லேண்டு கேட்டேன். கவுன்ட்டர் அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எதுக்கு பாப்பா, ஸ்கூல்ல எதுனா பிராஜக்ட்டா?" அடி டிராயரில் இருந்து இரண்டு. நீலம் இன்னும் அதே நீலம்.

ஒன்றை 14-க்கும் 15-க்கும் நடுவிலிருந்த காலி உறையில் போட்டேன். எதுவும் எழுதவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

ஆங்கிலம் சுமார். மதியம் அத்தை, பத்திரிகை கொடுக்க. பேருந்தில் நின்றுகொண்டே வந்தாராம், முகத்தில் களைப்பே இல்லை.

"இன்னாடி, என் குப்பையெல்லாம் கிளறி வெச்சிருக்கியாமே?"

ஃபைலைக் கொடுத்தேன். சிரித்துச் சிரித்துப் படித்தார். "ஐயோ, இதெல்லாம் நானா எழுதினேன்? எம்மாம் வாய்!" பிறகு காலித் தாள்.

"இது இன்னாடி ஒன்னுமே இல்ல?"

"அப்பா கிழிச்ச லெட்டருக்கு எடம் அத்தை. மஞ்சு அக்கா தேடிச்சு."

எழுந்தார். பாத்திரம் கழுவத்தான் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காலித் தாளை உறையிலிருந்து உருவி, நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது அப்பாவிடம் மட்டும், "அண்ணா, மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடு."

தப்புச் செய்துவிட்டேனா?

டிசம்பர் 14, ஞாயிறு

நாளை வேதியியல். மனதில் ஒன்றும் நிற்கவில்லை. அத்தையிடமிருந்து போன் இல்லை.

டிசம்பர் 18, வியாழன்

நல்ல வெயில். தேர்வு இல்லாத நாள். மஞ்சு அக்கா தைத்த ஜாக்கெட் வாங்க வந்திருந்தாள். பதினொரு மணிக்குத் தபால்காரர்.

"பத்திரிகையா பாப்பா? மஞ்சள் வெச்சிருக்கே."

நீல இன்லேண்டு. எங்கள் முகவரி, அக்கா பெயர். அத்தை கையெழுத்து. அக்கா இன்று இங்கே வருவது தெரிந்துதான் போட்டிருக்கிறார். நான்கு மூலையிலும் மஞ்சள், விரல் ரேகையோடு.

சாவுச் செய்திக்கு மஞ்சள்! அத்தையைத் தவிர யாருக்குத் தோன்றும்?

அக்கா கிணற்றடிக்கு எடுத்துப் போனாள். நான் போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்து, எனக்கு மூன்று வரி மட்டும் படித்துக் காட்டினாள்:

"அன்று காலை உன் அப்பா சைக்கிள் கேரியரில் மெத்தை வைத்துக் கட்டினார். மறுநாள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக. 'உள்ள இருக்கிறவளுக்குத் தூக்கிப் போடக் கூடாது பாரு' என்று சொல்லிவிட்டுத்தான் கொல்லைக்குப் போனார்."

மெத்தை. எண் 19.

அக்காவின் கன்னத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

சாப்பிட வந்த அப்பா உள்ளே போய் அந்தப் பழைய கம்பியை எடுத்து வந்தார். துருவை வேட்டி முனையால் துடைத்தார். கடிதத்துக்குக் கை நீட்டினார்.

அக்கா கடிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"குத்தாதீங்க மாமா. ஒரு எழுத்து போயிடும்."