உன் பேரில் வாங்கிய திட்டு

அன்புத் தோழிக்கு,

கீழ்வீட்டுக்காரி எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. நலம் என்று நீ பதில் எழுதினால் எனக்குத்தான் கோபம் வரும். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று மட்டும் சொல். அதிலும் பொய் சொல்வாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்.

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டு எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

ஓட்டல் வேலைக்கு ஒப்பந்தம் போட்டுப் போன ஊரிலிருந்து நீ அனுப்பிய செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டைக் காலி செய்துவிடு, சாமான்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடு, இனிமேல் நான் அங்கே வரப்போவதில்லை, அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கடைசியில், பாட்டி என்மேல் கோபத்தோடேயே போய்விட்டார், இந்த வருஷம் முழுக்க இரண்டு வார்த்தைக்கு மேல் என்னோடு பேசவே இல்லை என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் எடுத்ததும் அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டு வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வீட்டுக்காரர் மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்திருக்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் சுவரில் இருந்த பழைய அலமாரி வீட்டோடு சேர்ந்தது என்று ஆரம்பித்தார். அது பாட்டி வாங்கிப்போட்டது என்று நான் குரலை உயர்த்தியதும் அடங்கிவிட்டார். நாற்காலிகளை மருந்துக்கடை அண்ணனுக்குக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு படியில் பாதி வரை இறங்கி, அங்கேயே உட்கார்ந்து அழுதார். பாட்டி அவரை என்ன பாடு படுத்தியிருக்கிறார் என்று உனக்குத் தெரியுமே. மாத்திரை அட்டையின் நிறம் மாறிப்போனால்கூட, போலி மருந்து விக்கிறியா என்று கடை வாசலில் நின்று சத்தம் போடுவார். இப்போது திட்டுவதற்கு ஆளில்லாமல் கடை வெறிச்சென்று இருக்கிறது என்றார்.

துணிமணிகளை மடித்து வைத்திருக்கிறேன், யாருக்கும் கொடுக்கவில்லை. உன் கட்டிலையும் கொடுக்கவில்லை. இரண்டு ஆட்களைப் பிடித்துக் கீழே இறக்கி என் வீட்டுக்குள் போட்டுவிட்டேன். சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் இப்போது நான் அதன்மேல் ஏறித்தான் போகிறேன். தினமும் ஒருமுறையாவது காலில் இடித்துக்கொண்டு உன்னைத் திட்டுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் பாட்டிக்குக் கண் சரியில்லை என்று நினைத்தேன். நான் மேலே போனால் யாரு, யாரு என்று இரண்டு தடவை கேட்பார். பால்காரரை வீட்டுக்காரர் என்று நினைத்து, குழாய் ஒழுகுவதைச் சரிசெய்யச் சொல்லி ஒரு பிடி பிடித்தார். அவரும் பாவம், குழாயை இறுக்கிவிட்டுப் போனார். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? பவர் மாறிவிட்டது என்று முடிவுகட்டி, கடைக்கு அழைத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்தேன். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம்தான் மாறியிருந்தது. இருந்தாலும் நல்லதாக ஒரு பிரேம் எடுத்து, நானே லென்ஸ் தேய்த்து மாட்டினேன். மூக்கில் அழுத்தக்கூடாது, காதில் உரசக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

புதுக் கண்ணாடியைப் போட்டுவிட்டு எழுத்துப் பலகையைக் காட்டினேன். மேல்வரியிலிருந்து அடிவரி வரை ஒரு தப்பு இல்லாமல் படித்தார். அடிவரி எங்கள் முதலாளிக்கே சரியாகத் தெரியாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டி என் முகத்துக்கு நேராகத் திரும்பி, நன்றாக உற்றுப் பார்த்து, “இப்பதான் தெளிவா தெரியுது. முடிஞ்சுதா வாலு? வீட்டுக்குப் போலாமா?” என்று கேட்டார்.

வாலு என்று அவர் இந்த உலகத்தில் ஒருத்தியைத்தான் கூப்பிடுவார். என் பெயர் கண்ணாடிக்காரி. முதலாளி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார், அவருக்கு என்ன தெரியும்?

டாக்டரிடம் போனோம். கண்ணில் கோளாறு இல்லை, ஞாபகம்தான் விட்டுப்போகிறது, வயசு, கூட ஆள் இருக்கட்டும் என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் பாட்டிக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. நடுத்தெருவில் நின்று என் கையைப் பிடித்து, “அவகிட்ட சொல்லாத. சொன்னா ஓடி வந்துடுவா. வந்தா என் மருந்துச் சீட்டத் தூக்கிக்கிட்டு அலைஞ்சே அவளும் கிழவி ஆயிடுவா. நான்தான அவள அடிச்சுத் துரத்தாத குறையா அனுப்பிவெச்சேன்?” என்றார். கேட்டுக்கொள். அனுப்பியது நான்தான் என்று அவர் வாயாலேயே சொன்னார். கோபப்பட்டவர் பேசுகிற பேச்சா இது?

அதற்கப்புறம் தெளிவான நாட்கள் குறைந்துகொண்டே போயின. அந்த நாட்களில் நான் கண்ணாடிக்காரி, மற்ற நாட்களில் வாலு. முதலில் நான் வாலு இல்லை பாட்டி என்று திருத்திக்கொண்டிருந்தேன். திருத்தினால் முகம் வாடிவிடும், அப்ப அவ எங்கே என்று எழுந்து வாசல் வரை போய்த் தேடுவார். ஒருநாள் படியில் இறங்கவே ஆரம்பித்துவிட்டார். அதிலிருந்து, வாலு என்று கூப்பிட்டால், என்ன பாட்டி என்று கேட்பேன். அவ்வளவுதான், நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்.

உன் பேரில் நான் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. பத்தாவதில் கணக்குப் பரீட்சை அன்று நீ சினிமாவுக்குப் போனாயாமே, அதற்கு இந்த வயசில் நான் காதைத் திருகக் கொடுத்தேன். ரெட்டைப்பின்னல் போட்ட சிநேகிதியோடு சேராதே என்று எனக்குப் புத்தி சொன்னார். அவள் யார் என்று தெரியாமலே சேரமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். சின்ன வயசில், உன் அம்மா இறந்த வருஷம் நீ பேசாமலே இருந்ததையும், ராத்திரியெல்லாம் பாட்டியின் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு தூங்கியதையும் என்னிடமே சொல்லி, “இப்ப பாரு, எப்படி வாயாடுற” என்று சிரித்தார். நீ இதையெல்லாம் என்னிடம் சொன்னதே இல்லை.

என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கீழ்வீட்டு கண்ணாடிக்காரி நல்லவதான், ஆனா வாயத் தொறந்தா மூட மாட்டா, அவ போடற டீ பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கும் என்று, நான் போட்டுக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எவ்வளவு நாள் சிரித்த முகமாக வாங்கிக் குடித்திருக்கிறார் பார், அழுத்தக்காரி.

இனி அந்த போன் விஷயம். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவாய். நான் போனை அவர் காதில் வைப்பேன். நல்லாருக்கேன், வெச்சிடறேன் என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருமுறை நீ, பாட்டி நான்தான், நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கும் கேட்டது. போனை வைத்தபிறகு பாட்டி என்னிடம் குனிந்து, “யாரு அது? உன் குரல் மாதிரியே பேசறா. பாவம், யாரோ தெரியாம இங்க போடறா போல” என்றார். அப்புறம் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.

புரிகிறதா? அவர் உன்னோடு பேசாமல் இல்லை. காலையில் நான் கடைக்குக் கிளம்பும் வரை, மதியம் சாப்பிட வரும்போது, சாயங்காலம் விளக்கு போட்டபிறகு என்று உன்னோடு பேசிக்கொண்டே இருந்தார். வாலு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது போனில் வருகிறவளிடம் பேச அவருக்கு என்ன இருக்கிறது? யார் யாருக்கோ படுக்கை விரித்துக்கொண்டு இங்கே கிடந்தேன் என்று எழுதியிருந்தாயே. அந்த ஓட்டலில் நீ படுக்கை விரித்துக்கொண்டிருந்தாய், சரி. ஆனால் பாட்டிக்குத் தெரிந்த வரையில் நீ ஊரை விட்டே போகவில்லை.

அன்று மதியமும் அப்படித்தான். பாலில் ரொட்டி நனைத்துக் கொடுத்தேன், பாதி சாப்பிட்டார். தூக்கம் வருகிறது, போகாதே என்றார். கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்கு நேரமாகிவிட்டது, இருந்தாலும் உட்கார்ந்திருந்தேன். பிடி தளர்ந்தபோது தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். வலி, முனகல் ஒன்றும் இல்லை, இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். அவர் பிடித்திருந்தது உன் கையைத்தான்.

இதற்கு மேல் எழுதலாமா என்று தெரியவில்லை. ஆறுதல் சொல்ல உட்கார்ந்தவள் தன் கதையைப் பாடக்கூடாது. ஆனால் வேறு யாரிடம் சொல்ல?

கடையில் லீவு கேட்டபோது, இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும் என்று முதலாளி கேட்டார். மேல்வீட்டுப் பாட்டி என்றேன். அரை நாள் கொடுத்தார், அதுவே பெரிசு. வந்தவர்களெல்லாம், பேத்திக்குத் தகவல் சொல்லியாச்சா, பேத்தி எப்படித் தாங்கிக்கொள்கிறாள் என்று என்னிடம் விசாரித்தார்கள். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருத்தர் கேட்கவில்லை. அவர்கள்மேல் தப்பில்லை, கேட்க வேண்டிய உறவு எனக்கு இல்லையே. கீழே படுத்திருந்தால் பாட்டி எங்கே நடக்கிறார், எங்கே உட்கார்கிறார் என்று கூரைச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். நேற்று வெள்ளையடிக்க வந்தவர்கள் மேலே நடந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் எழுந்து கை கழுவிவிட்டு மாடிப்படி வரை போய்விட்டேன். திரும்பி வந்து சாப்பிட முடியவில்லை. எனக்கு அவர் இல்லாமல் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. இதை எழுதும்போதே, உன் பாட்டிக்கு நான் அழலாமா என்று கூச்சமாகவும் இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை உன்னிடம் சேர்க்காமல் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, ஏனென்றால் அது உனக்குச் சொன்னது.

அவர் போவதற்கு முந்தின வாரம், அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பாட்டி திடீரென்று, “கீழ்வீட்டுக் கண்ணாடிக்காரியக் கொஞ்ச நாளாவே காணோமே, எங்க போனா?” என்று கேட்டார். வேலை அதிகமா இருக்கும் பாட்டி என்றேன். அதற்குப் பாட்டி சொன்னார்: “அவளுக்கு யாரும் இல்லடி வாலு. வாய்தான் அப்படி, ராத்திரி தனியா உக்காந்து சாப்பிடறவ. நான் போயிட்டா ரொம்ப ஒடஞ்சு போயிடுவா. நீ அவள விட்டுடாத, என்ன?”

சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுக்க ஆரம்பித்தேன். பாட்டி விடவில்லை, “சொல்லுடி, பாத்துக்கறியா?” என்று திரும்பவும் கேட்டார். என்ன சொல்வது? வாலுவைத்தானே கேட்கிறார். பார்த்துக்கறேன் பாட்டி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல், உன் பேரில், உன் பாட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதை நிறைவேற்றுவதும் விடுவதும் உன் இஷ்டம். நான் நிர்ப்பந்திக்கவில்லை. அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதிலாக மட்டும் இதை வைத்துக்கொள். ஒப்பந்தம் முடியும்வரை அங்கேயே இரு, வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. நேரத்துக்குச் சாப்பிடு. அழுகை வந்தால் கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் அழு, தனியாக அழாதே. உனக்கு ஒரு குறையும் வராது, பாட்டி உன்னை அப்படி விட்டுவிட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு என் போனுக்குக் கூப்பிடு. நீ யார் என்று எனக்குத் தெரியும், நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பாட்டி உன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன
கண்ணாடிக்காரி