குழாயின் கழுத்தில் வேறு சிவப்பு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மூட்டுவலிகூட இந்த மாதம் எட்டிப் பார்க்கவில்லை. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பாயானால், அதற்குத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லலாமே என்பாய். ஃபோனில் நீ ஒரு தடவை "ம்மா" என்று இழுத்தால் போதும், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு உன் சளியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உன் மாமா வீட்டில் எல்லோரும் சுகம். அவன் மனைவிக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், இனிமேல் தான் செய்வதெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும் என்று பயந்துகொண்டு திரிகிறான். அவன் பேச்சு பிறகு வரும்.

எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியைத் தெரியுமல்லவா, எதைச் சொன்னாலும் மாலைக்குள் ஊருக்கே ஒலிபரப்பிவிடுவாள் என்பதால் வானொலி என்று கூப்பிடுவோமே, அவள் வீட்டு அடுப்படிக் குழாய் சுவரோரம் கசிகிறது, ப்ளம்பர் நாளை நாளை என்று இழுக்கிறார் என்று புலம்பினாள். இதற்கெல்லாமா ஆள் தேடுவது, நான் வருகிறேன் என்றேன். ஏன் சொல்ல மாட்டேன்? உன் அப்பா இருந்தவரை இந்த வீட்டில் ஸ்க்ரூடிரைவர் என்பது டப்பா மூடியைத் திறக்கிற சாமான். அவர் அதைப் பேனா பிடிப்பது போலப் பிடிப்பார். அவர் போன பிறகு ஒவ்வொன்றாக நானே கற்றுக்கொண்டேன். குளியலறைக் குழாய், கழுவுதொட்டிக்கு அடியில் இருக்கும் வளைந்த குழாய், படுக்கையறை சுவிட்ச், தொங்கிக்கொண்டிருந்த அலமாரிக் கதவு, வாசல் மணி. ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு உனக்குத்தான் முதலில் சொல்வேன். நீயும் "உனக்குக் கை வந்திருச்சும்மா, இனி ஊருக்கே நீதான் இன்ஜினியர்" என்பாய். அந்த நம்பிக்கையில்தான் சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வானொலி வீட்டுக்குப் போனேன். வால்வை மூடினேன், பழைய குழாயைக் கழற்றினேன், புதிய குழாயின் திருகு மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினேன், முறுக்கினேன், திறந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. டீ குடித்துவிட்டு ராணி மாதிரி வீட்டுக்கு வந்தேன். அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்த் திரும்பி வருவதற்குள் சுவரோரமாக நீர் இறங்கி, அலமாரியின் அடிப்பலகை ஊறி, கீழ்வீட்டுக் கூரை வழியாக அவர்களுடைய புது சோபாவில் சொட்டியிருக்கிறது. திங்கட்கிழமை நான் உள்ளே நுழைந்ததுமே, "வாங்க இன்ஜினியரம்மா, குழாய் சரியாயிடுச்சு, குளம்தான் புதுசா வந்திருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கீழ்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், சோபா உறையைத் துவைத்துக் கொடுத்தேன். அதெல்லாம் பெரிதில்லை. என் மண்டையைக் குடைந்தது வேறு. அதே கை, அதே டேப், அதே முறுக்கு. என் வீட்டுக் குழாய் மாதக்கணக்கில் கசியாமல் நிற்கிறது, அவள் வீட்டுக் குழாய் ஒரு பொழுதுகூட நிற்கவில்லையே, அங்கே எதை மறந்தேன் என்று ஒப்பிட்டுப் பார்க்க டார்ச்சோடு எங்கள் குளியலறைத் தரையில் உட்கார்ந்தேன்.

நான் வேலை முடிந்ததும் பொட்டு வைப்பேன், உனக்குத் தெரியும். பாதி குழாயின் கழுத்தில், பாதி சுவரில். திருகு என்றால் பாதி அதன் தலையில், பாதி தகட்டில். தளர்ந்து திரும்பினால் பொட்டு இரண்டாகப் பிளந்து காட்டிக்கொடுக்கும். நீ விட்டுவிட்டுப் போன நெயில் பாலிஷ்தான், அந்த வெளிறிய ரோஸ். தூக்கிப் போட மனமில்லாமல் அதற்கு ஒரு வேலை கொடுத்தேன். குழாயில் பொட்டு இருந்தது, பிளக்கவில்லை, ஆனால் அது ரோஸ் இல்லை. நல்ல இரத்தச் சிவப்பு. சொட்டாத குழாயை யார் குனிந்து பார்ப்பார்கள் சொல், அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. எழுந்து வீடு முழுக்கப் போய்ப் பார்த்தேன். கழுவுதொட்டி சிவப்பு. சுவிட்ச் சிவப்பு. அலமாரிக் கீல் சிவப்பு. என் வீட்டில் நான் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்த எதையும் நான் செய்திருக்கவில்லை. அந்தப் பொட்டு எதற்கு என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன்.

உன் மாமாவைக் கூப்பிட்டேன். முதலில் பூனை ஏதாவது தட்டிவிட்டிருக்கும் என்றான். சின்ன வயதில் பால் குறைந்தாலும் பூனைதான், கண்ணாடி உடைந்தாலும் பூனைதான், இப்போது அது நெயில் பாலிஷும் போடுகிறது. அதட்டியதும் கொட்டிவிட்டான். "நானா எதுவும் பண்ணல அக்கா, உன் பொண்ணுதான் சாவியக் குடுத்துட்டுப் போனா. நீ எதையாவது ரிப்பேர் பண்ணேன்னு அவகிட்ட சொன்னா, அவ எனக்குச் சொல்லுவா. நீ வேலைக்குப் போனதும் ப்ளம்பரையோ எலெக்ட்ரிஷியனையோ கூட்டிட்டு வந்து சரி பண்ணிட்டு, இருந்தது இருந்த மாதிரி வெச்சிட்டு வந்துடுவேன். பொட்டு வைக்க மறக்காதீங்க மாமான்னு அவதான் சொன்னா, கடையில போய் நெயில் பாலிஷ் கேக்க எனக்கு எவ்வளவு வெக்கமா இருந்துச்சு தெரியுமா" என்றான். பிறகு குரலை இறக்கி, "சுவிட்ச்ல ஒரு ஒயர் லூசாத்தான் இருந்துச்சு அக்கா, தீப்பிடிச்சிருந்தா என்ன ஆகும்" என்றான். அதைக் கேட்டதும் ஓடிப்போய் அந்த சுவிட்ச் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது உண்மை. ஆனால் யோசித்துப் பார், ஒயர் தளர்ந்திருந்தது என்று தெரிந்தும் என்னிடம் சொல்லாமல், அதே கையோடு அடுத்த சுவிட்சுக்குப் போக விட்டிருக்கிறீர்கள். என்னைக் காப்பாற்றினாய் என்றா சொல்வது இதை?

எங்கள் குளியலறைக் குழாயைக் கழற்றிப் பார்த்து நானே கண்டுபிடித்தேன், என்ன தப்பு என்று. ப்ளம்பர் சுற்றியிருந்த டேப் மரையோடு ஒட்டிப் படிந்திருந்தது. அதை உரித்துவிட்டு என் வழக்கப்படி சுற்றி முறுக்கினேன். டேப் சுருண்டு பின்னால் ஒதுங்கியது. நான் இடக்கைக்காரி, என் கை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது, குழாயை முறுக்க முறுக்கச் சுற்று அவிழ்ந்துவிடுகிறது. இவ்வளவுதான். "அம்மா, டேப்பை மறுபக்கம் சுத்து" என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்லாமல் இருப்பதற்காக ஒரு சாவி, ஒரு மாமா, ஒரு ப்ளம்பர், ஒரு நெயில் பாலிஷ். நான் மனம் நோகக் கூடாது என்று செய்தாயாம். ஒருத்தி சமைத்ததைப் பிரமாதம் என்று சொல்லிவிட்டு, அவள் அந்தப்பக்கம் போனதும் கொட்டிவிட்டு, கடையில் வாங்கி அதே பாத்திரத்தில் ஊற்றி வைப்பது போல இருக்கிறது. உன் பாராட்டையெல்லாம் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்து மகிழ்ந்தவள். இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், எதன் அடியில் என்ன நிறம் இருக்கிறதோ என்று. நீ சின்னவளாக இருந்தபோது, இடது கையால் எழுதாதே என்று டீச்சர் உன் கையில் அடித்தார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் முகத்துக்கு நேரே சண்டை போட்டேன். உன் முதுகுக்குப் பின்னால் நான் எதையும் திருத்தியது இல்லை.

உன் அறையில் குழாய் சுவரோரம் கசிகிறது என்று போன மாதம் சொன்னாயே, அதற்கும் எழுதிவிடுகிறேன். முதலில் வால்வை மூடு. தொட்டியின் துவாரத்தில் துணியை அடை, இல்லாவிட்டால் திருகு உள்ளே போய்விடும். பைப்புக்குள் இருக்கும் மிச்சத் தண்ணீரை வடித்துவிடு. டேப்பை எந்தப் பக்கம் முறுக்கப் போகிறாயோ அந்தப் பக்கமாகவே சுற்று. நீயும் இடக்கைக்காரி, உன் கை வேண்டாம் என்று சொல்லும், கேட்காதே. பார், நான் சொல்லிவிட்டேன். சொல்வதற்கு இவ்வளவுதான் ஆகிறது. வானொலி வீட்டுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய்ச் சரியான பக்கம் சுற்றி மாட்டினேன், இன்னும் கசியவில்லை. இந்த வாரம் வாசல் பூட்டையும் மாற்றிவிட்டேன், நானேதான். மாமாவுக்குச் சாவி கொடுக்கவில்லை. உனக்கும் அனுப்பவில்லை, தேடாதே.

எந்தக் குறையும் இல்லாமல், கை கால் சுகத்தோடு, நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். அந்த வேண்டுதலில் ஒரு மாற்றமும் இல்லை. வால்வை மூட மறந்துவிடாதே. வாசல் மணியை மட்டும் அவர்கள் தொடவில்லை, அது நன்றாகத்தான் இருந்தது என்று மாமா சொன்னான். போய்ப் பார்த்தேன், அதில் உன் பழைய ரோஸ்தான் இருக்கிறது. வரும்போது அதை அழுத்து. நான் வந்து திறக்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா