கூடப் பறந்தவன்

மான்டானா,
அக்டோபர் 1966

அன்புள்ள கெல்வினுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. கோதுமை விதைப்பு முடிந்துவிட்டது. கன்றுகளை விற்று அனுப்பியாயிற்று. இதைத் தவிர வீட்டில் எதுவும் ஒழுங்காக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ விமானப் பயிற்சி முகாமிலிருந்து தொலைபேசியில் பேசியபோது நான் அடுப்படியில் இருந்தேன். உன் அப்பாவுக்குப் பின் உன்னை வளர்த்த ஓரின் ரிசீவரை வைத்த விதத்தைப் பார்த்து, பேசியது நீ என்று தெரியாமல், உனக்குத்தான் ஏதோ விமான விபத்து என்று நினைத்துவிட்டேன். "பையன் நல்லாத்தான் இருக்கான்" என்று மட்டும் சொன்னார். தட்டில் போட்ட இறைச்சி அப்படியே கிடந்தது. அவர் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை வேலிக்கம்பி இழுத்துக் கட்டப் போனவருக்குக் காபி கொண்டுபோனேன். கையுறையைக் கழற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அங்கே உனக்குப் பயிற்சி தரும் ஒருவர், உலக யுத்தத்தில் உன் அப்பாவோடும் ஓரினோடும் ஒரே படையில் இருந்தவராம், "உங்கப்பாவ ஜெர்மன்காரன் சுடல தம்பி, கூடப் பறந்தவன்கிட்டயே போய்க் கேளு" என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீயும் இவரிடம் நேராகவே கேட்டுவிட்டாய்.

"அவன் கேட்டது நெசம்தான், அடலீன்" என்றார் ஓரின்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மேகத்துக்குக் கீழே சண்டை. யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விமானங்கள் சுழன்றுகொண்டிருந்தன. ஒரு ஜெர்மன்காரன் ஓரினின் வாலைப் பிடித்துத் துரத்தியிருக்கிறான். இவர் மேகத்துக்குள் புகுந்து அதன் மேலே வெளிவந்தால், எதிரே வெயிலுக்குள்ளிருந்து ஒரு விமானம். சுட்டுவிட்டார். அது சாய்ந்தபோதுதான் இறக்கையில் நம் படையின் நட்சத்திரக் குறி தெரிந்ததாம். இவரைக் காப்பாற்றத்தான் உன் அப்பா ஹோலிஸ் திரும்பி வந்திருக்கிறார். பாராசூட் விரியவே இல்லை. இறங்கியதும் ஓரின் தன் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். அவரோ, "ஜெர்மன்காரன் சுட்டதா எழுதியாச்சு. நாளைக்கும் பறக்கணும், வாய மூடிக்கிட்டுப் போய்ப் படு" என்றாராம்.

உண்மையைச் சொல்கிறேன், கெல்வின். கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இத்தனை வருஷம் யார் பக்கத்தில் படுத்திருந்தேன் என்ற பயம். அன்று உன் அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்தேன். மறுநாள் கொட்டகையில் அவர் பாட்டுக்கு மான் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வேட்டைக் காலம்தான், எல்லா வீட்டிலும் துடைப்பார்கள். ஆனால் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பயம் போய் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. அவர் வெளியே போனதும் தோட்டாக்களை எடுத்து மாவு டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன். மாவெல்லாம் தரையில் சிந்திவிட்டது.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தபோது, "தோட்டா என் கைக்குக் கிடைக்கக் கூடாதுன்னுதான் ஒளிச்சு வச்சியா?" என்று கேட்டார். "அதெல்லாம் செய்ய மாட்டேன். செஞ்சா அவன் கேட்டதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். நம்புவதா என்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவரே வண்டியை எடுத்தார். உன் பெரியப்பா மெர்ல் வீட்டுக்கு. ஹோலிஸின் கூடப்பிறந்தவனுக்குச் சொல்லாமல் உன்னிடம் பேச முடியாதாம். மெர்லின் கோபம் உனக்குத் தெரியும். நான் வண்டியிலேயே உட்கார்ந்து கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டேன். ஓரின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு டிராக்டர் பக்கத்தில் நின்று சொன்னார். மெர்ல் கையில் பெரிய ஸ்பானர். அதை அவர் கீழே போட வேண்டுமே என்று எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன்.

மெர்ல் கேட்டார், "என் தம்பி கஷ்டப்பட்டானா?"

"தெரியல. பொய் சொல்ல மாட்டேன்."

"வருஷா வருஷம் என் அறுவடைக்கு வந்து நின்னியே, இதுக்குத்தானா?"

"மொத ரெண்டு மூணு வருஷம் இதுக்குத்தான்."

"அடலீனக் கட்டினதும் இதுக்குத்தானா?"

ஓரின் வண்டிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஹோலிஸோட பிள்ளையப் பார்க்கத்தான் வந்தேன். அப்புறம் போக முடியல."

மெர்ல் ஸ்பானரை டிராக்டரின் மேல் வைத்தார். "இப்ப வீட்டுக்குப் போ. நானா கூப்பிடுற வரைக்கும் இந்தப் பக்கம் வராத" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது வழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஓரின் வாந்தி எடுத்தார். நான் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று கேட்காதே. எனக்கே தெரியாது. மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

விடுமுறை கிடைத்ததும் வந்து நேரில் கேட்பேன் என்று சொன்னாயாம். வா. கிரேட் ஃபால்ஸ் பேருந்து நிலையத்துக்கு அவரே வருவார், நான் வரமாட்டேன். என்ன கேட்க வேண்டுமோ எல்லாம் கேள். கத்த வேண்டுமென்றால் கத்து. அவர் ஒன்றையும் மறைக்க மாட்டார்.

ஒன்றே ஒன்று. சீருடையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வா, கண்ணே. நீ நடந்து வருவது அச்சு அசல் ஹோலிஸ் மாதிரியே இருக்கும். பேருந்திலிருந்து அந்த உடுப்பில் நீ இறங்கினால் அந்த மனிதர் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவார். உன் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு இதோடு அனுப்புகிறேன். அதைப் போட்டுக்கொண்டு வா.

நீ மேலே போகும் ஒவ்வொரு முறையும் ஆண்டவர் உன்னைத் தரையில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
அம்மா அடலீன்